பூச்சக்கா வைத்த அட்டை

அவள் வேலையைச் செய்தாளா இல்லையா என்பதை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூசிய டிஷ்ஷையும் பூசாத டிஷ்ஷையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் வட்டமான பிளாஸ்டிக், மேலே ஒரு மூடி, உள்ளே ஒன்றுமில்லை. உலகத்தில் எதையும் நம்பாத ஒருத்திக்குப் போய் இப்படி ஒரு வேலை வாய்த்திருந்தது.

டிஷ்ஷுக்குப் பூச்சுப் பூசுகிறவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பூச்சக்காதான். அங்கே ஈரல் செல்களை வளர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் வெட்டியெடுத்த ஈரலில் மிச்சம் கிடைத்தால் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். அதைக் கரைத்துச் செல்களைப் பிரித்தெடுத்து டிஷ்ஷில் விடுவார்கள். புது மருந்தை மனுஷன் வாயில் போடுவதற்கு முன்னால் அந்தச் செல்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மாதிரி.

ஆனால் ஈரல் செல்லுக்குப் பிடிமானம் வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் விட்டால் ஈரக்காலோடு டைல்ஸ் தரையில் நிற்பவனைப் போல வழுக்கிக்கொண்டே மிதக்கும். மிதக்கிற செல் பிழைக்காது. அதனால் டிஷ்ஷின் அடியில் முதலில் ஒரு புரதத்தைப் பூச வேண்டும். கொலாஜன் என்று பெயர். நம் தோலையும் தசைநாரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிற அதே சரக்குதான். இவர்களுக்கு வருவது எலி வாலின் நாரிலிருந்து எடுத்து, புளித்த தண்ணீர் மாதிரி ஒன்றில் கரைத்து, சின்னக் குப்பியில் அடைத்தது. அதை டிஷ்ஷுக்குள் மெல்லிசாகப் பரப்பி, ட்ரேயில் அடுக்கி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு உப்புநீரால் அலச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் அடியில் ஒட்டியிருக்கும். நெரிசல் பஸ்ஸில் ஏறினவன் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி செல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் காலை நீட்டி உட்காரும். உட்கார்ந்தால்தான் பிழைக்கும், வேலை செய்யும்.

"எலி வாலைத் தொட்ட கையால எனக்கு டீ போடாதே" என்று அவள் வீட்டுக்காரர் தினமும் சொல்வார், தினமும் அந்தக் கையால் போட்ட டீயைத்தான் குடிப்பார். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் முன்னால் விசிலடித்துக்கொண்டு போகிற ரகம்.

பூச்சக்கா அந்த ரகம் இல்லை. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் உள்ளே எடுத்து வைக்கமாட்டாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். தக்காளியை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கும்போது கடைக்காரர், "பொண்ணா பார்க்கறீங்க, எடுங்கக்கா" என்று அலுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் அதிகமாக வைத்தால் அன்றைக்குப் பஸ்ஸில் வருகிற டீச்சர் யார் என்று விசாரணை நடக்கும். யாராவது தன் பொருளைத் தொட்டார்களா என்று கண்டுபிடிக்க அலமாரிக் கதவிடுக்கில் தீக்குச்சி செருகி வைப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எப்போதோ ஒரு முறை வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரன் நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு பழையதைப் போட்டுவிட்டதை அவள் கண்டுபிடித்தாள். அந்த ஒரே வெற்றியைச் சொல்லிச் சொல்லியே மிச்ச சந்தேகங்களையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் நாத்தனார் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. வீட்டில் எல்லாரும் குட்டி என்றே கூப்பிடுவார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஒருத்தனோடு காலம் தள்ளிவிட்டு, இனி முடியாது என்று கிளம்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை. பூச்சக்காவுக்கு அதுவே முதல் உறுத்தல். எட்டு வருஷம் சும்மா இருந்தவள் திடீரென்று எதற்கு வர வேண்டும்? சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் சொல்லியிருப்பாளே?

குட்டி முன்னறையில் சோபாவுக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டாள். விடிவதற்குள் எழுந்து பாயைச் சுருட்டி, அறையைத் துடைத்து, யாரும் அங்கே படுத்திருந்த சுவடே இல்லாமல் செய்துவிடுவாள். துடைப்பது அவளுக்கு ஒரு வியாதி. மேஜையைத் துடைப்பாள், சுவிட்சைத் துடைப்பாள், துடைத்த துணியை அலசிவிட்டு அது காயும் கம்பியையும் துடைப்பாள்.

"ரொம்பச் சுத்தம் பார்க்கறவங்க எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தம்" என்றாள் பூச்சக்கா, சமையலறையில் வீட்டுக்காரரிடம்.

"சரி, அப்போ நம்ம வீட்ல இத்தனை வருஷமா யாரும் எதையும் மறைக்கலை" என்றார் அவர்.

ஆய்வுக்கூடத்தில் பூச்சு வேலைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. வேலை இரட்டித்துவிட்டது, ஒருத்தியால் முடியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரியத்தைச் சாதித்தார். பூச்சக்கா போய் மேடத்திடம் சொன்னாள். மேடம்தான் அந்தக் கூடத்தின் தலைவி. ஈரல் செல்லோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவர். குரலை உயர்த்தாமலே எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைப்பவர். "ஆறு மாசம் பார்ப்போம். கை சரியா இருந்தா வேலையை நிரந்தரமாக்கிடலாம்" என்றார்.

குட்டிக்கு அந்த ஆறு மாதம்தான் எல்லாம். வேலை நிலைத்தால் தனியாக ஒரு அறை எடுக்கலாம். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மாடியில் ஒன்று பார்த்தும் வைத்திருந்தாள். ஜன்னல் இருக்கிறதாம், துணி காயப்போடக் கம்பி இருக்கிறதாம், கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதாம். தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும். வேலை நிலைக்காவிட்டால் திரும்பிப் போக ஒரே இடம்தான் இருந்தது. அங்கே தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

இதெல்லாம் பூச்சக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு சும்மா இருக்கவில்லை. ஒருத்தி செய்கிற வேலையை இரண்டு பேர் கற்றுக்கொண்டால், நாளைக்கு ஆள் குறைக்கிறபோது யாரைக் குறைப்பார்கள்? சின்ன வயசுக்காரியையா?

அதனால் அவள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பக்கத்துல நின்னு பாரு. பார்த்ததை உன் ட்ரேல செய். என் ட்ரேயைத் தொடாதே. கேள்வி கேட்காதே, கை நடுங்கும்" என்றாள். குட்டியும் கேட்கவில்லை. பார்த்தாள். உறிஞ்சிச் சொட்டுவிடுகிற பிப்பெட்டை அண்ணி எப்படிச் சாய்க்கிறாள், நுனி டிஷ்ஷின் அடியில் கீறாமல் எப்படி ஓரமாக விடுகிறாள், ஊற்றியதும் டிஷ்ஷை எப்படி ஒரு சுற்றுச் சுழற்றுகிறாள், எல்லாவற்றையும் பார்த்தாள். அண்ணி டிஷ்ஷின் அடிவிளிம்பில் பேனாவால் சின்னக் கோடு போட்டு, அந்தக் கோடு ஃபிரிட்ஜின் பின்சுவரைப் பார்க்கும்படி அடுக்குவாள். குட்டியும் கோடு போட்டாள், பின்சுவரைப் பார்க்க அடுக்கினாள். பூச்சக்கா மூக்கைச் சொறிந்தால் அவளும் சொறிவாள் போலிருந்தது.

நாலு மாதம் நன்றாகத்தான் போயிற்று. குட்டியின் டிஷ்ஷிலும் செல்கள் ஒட்டின. அதுவே பூச்சக்காவுக்குப் புதுக் கவலை.

ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேல்தட்டில் தன் ட்ரே ஒரு விரல்கடை திரும்பியிருந்தது. நேராக வைத்திருந்தாள், சத்தியமாக நேராக வைத்திருந்தாள்.

"குட்டி, என் ட்ரேயைத் தொட்டியா?"

குட்டியின் கண் ஒரு கணம் தரைக்குப் போய்த் திரும்பியது. "இல்லண்ணி."

அந்த ஒரு கணம் போதாதா? தொட்டிருக்கிறாள். தொட்டதை மறைக்கிறாள். எதற்குத் தொட்டாள்?

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, கையுறைப் பெட்டியின் அட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மடித்து மடித்துக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கனமாக்கினாள் பூச்சக்கா. ட்ரேயின் வலதுபக்கப் பின்மூலைக்கு அடியில், மடிப்பு சுவரைப் பார்க்க, அதைச் செருகினாள். யாராவது ட்ரேயைத் தூக்கினால் அட்டை நகரும், இல்லை மடிப்பு வேறு பக்கம் திரும்பும். வீட்டில் தீக்குச்சி, இங்கே அட்டை. முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மறுநாள் அட்டை வைத்த இடத்தில் வைத்த மாதிரியே இருந்தது. மடிப்பும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேறு யாராவது என்றால் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பூச்சக்காவோ, 'கெட்டிக்காரிதான்' என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் கண்ணாடி வந்து நின்றான். செல்களைப் பிரித்து டிஷ்ஷில் விடுகிற ஆராய்ச்சிக்காரப் பையன், மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டே பேசுவதால் அந்தப் பெயர்.

"அக்கா, டிஷ்ல பாதிதான் ஒட்டியிருக்கு. மீதி பாதில ஒண்ணுமே இல்ல. சறுக்கிக்கிட்டு மிதக்குது."

"எந்த டிஷ்?"

"உங்களோடதுதான். எல்லா டிஷ்ஷும்."

பூச்சக்காவுக்குக் காது சூடேறியது. பதினெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவள் திரும்பி குட்டியைப் பார்த்தாள். குட்டி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அடுத்த தடவை அதே கதை. இந்த முறை குட்டியின் டிஷ்ஷிலும் ஒரு பக்கம் வெறிச்சென்றிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நல்ல துண்டு வீணாயிற்று. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி மதியம் சாப்பிடாமல் மைக்ரோஸ்கோப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

குட்டியின் டிஷ்ஷும் கெட்டுப் போனது பூச்சக்காவைக் கொஞ்ச நேரம்தான் குழப்பியது. பஸ்ஸில் வரும்போது பிடிபட்டுவிட்டது. தன்னுடையதையும் கெடுத்துக்கொண்டால் அவள்மேல் யார் சந்தேகப்படுவார்கள்? அதுதான் சூழ்ச்சி! அவள் நினைத்து நினைத்து வியந்தாள். ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தலையாட்டுவது தெரிந்தது.

குட்டியின் ட்ரே கீழ்த்தட்டில் இருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கப் பூச்சக்காவுக்குக் கை பரபரத்தது. ஆனால் தொடவில்லை. தான் வைத்திருப்பது போல அவளும் எதையாவது வைத்திருந்தால்? தொட்டது தெரிந்துவிடுமே! முன்னால் குனிந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல மேடம். ஆனா அவ வர்றதுக்கு முன்னாடி இப்படி ஆனதில்ல."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுப் பொண்ணுதானே?"

"அதனாலதான் சொல்றேன். வெளியாள்னா சொல்லியிருக்க மாட்டேன்."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்கே சரியாகப் படவில்லை. ஆனால் வாயிலிருந்து போய்விட்டது.

"ஆறு மாசம் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது" என்றார் மேடம். "வியாழக்கிழமை ஒரு துண்டு வருது. அதுவும் இப்படிப் போச்சுன்னா என்னால அவளை வெச்சுக்க முடியாது. உங்களையும் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டி வரும், அது வேற விஷயம்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் எலி வாலை முழுங்கிட்டீங்களா?"

குட்டி தட்டைப் பார்த்தபடியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அண்ணி செய்யறதைத்தான் நானும் செய்யறேன்ணா. ஒண்ணு விடாம அப்படியே செய்யறேன். எங்க தப்பு பண்றேன்னே தெரியல."

"ஒண்ணு விடாம அப்படியேவா? அதுதாம்மா பயமா இருக்கு" என்று சிரித்தார் அவர்.

பூச்சக்கா குட்டியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிக்கிறாளா? அழுகிறவள் மூக்கை இப்படியா உறிஞ்சுவாள்? பாத்திரம் கழுவும்போது குட்டி பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, நான் ஏதாவது தப்பா செஞ்சா திட்டிடுங்க. திட்டாம இருந்தா எனக்குத் தெரியாது" என்றாள். பூச்சக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

புதன்கிழமை இருவரும் பூசினார்கள். பூச்சக்கா வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தாள், ஓரக்கண்ணால் குட்டியின் கையைக் காவல் காத்துக்கொண்டே. குட்டி கை நடுங்காமல் ஊற்றினாள், சுழற்றினாள், கோடு பின்னால் வரும்படி அடுக்கினாள். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. பூச்சக்கா ட்ரேயை மேல்தட்டில் வைத்தாள். கிளம்புவதற்கு முன் குட்டியை ஏதோ எடுத்துவர அனுப்பிவிட்டு, அட்டையைச் செருகினாள். மடிப்பு சுவரைப் பார்க்க.

வியாழக்கிழமை காலையில் அட்டை அப்படியே இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு டிஷ்களை அலசினார்கள். ஈரல் துண்டு வந்தது, கண்ணாடி செல்களை விட்டான். ஒட்டுவதற்கு நேரம் கொடுத்தார்கள். பிற்பகலில் மேடம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

மேஜைமேல் வெள்ளைக் காகிதம் விரித்து, இருவரின் ட்ரேயிலிருந்தும் எடுத்த டிஷ்களை வரிசையாக வைத்திருந்தார். செல்களுக்கு ஊதாச் சாயம் ஏற்றியிருந்தார். ஒட்டிய இடமெல்லாம் ஊதா. ஒட்டாத இடம் வெறும் பிளாஸ்டிக். ஒவ்வொரு டிஷ்ஷிலும் ஒரு ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளையாக விட்டுப் போயிருந்தது.

"பிறை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார் மேடம்.

பார்த்தார்கள். பேனாக் கோட்டுக்கு வலதுபக்கம். முதல் டிஷ்ஷில் கோட்டுக்கு வலதுபக்கம், இரண்டாவதில் கோட்டுக்கு வலதுபக்கம். பூச்சக்காவின் டிஷ், குட்டியின் டிஷ், எல்லாமே.

"யாரோ கெடுத்திருந்தா இவ்வளவு ஒழுங்கா கெடுக்க மாட்டாங்க" என்றார் மேடம். "கொலாஜனை மிச்சம் பிடிக்கணும்னு நான்தான் போன மாசம் அளவைக் குறைச்சேன். டிஷ்ல ரொம்ப மெல்லிசா நிக்குது. ஃபிரிட்ஜ்ல ட்ரே கொஞ்சம் சாய்ஞ்சாப் போதும், எல்லாம் ஒரு பக்கமா ஓடிடும். உசந்த பக்கம் காய்ஞ்சு வெறுமனே நிக்கும். வலதுபக்கப் பின்மூலை தூக்கிக்கிட்டு இருக்கணும். போய் ஃபிரிட்ஜ் கால் சரியா இருக்கான்னு பாருங்க."

வலதுபக்கப் பின்மூலை. பூச்சக்காவின் கை தானாகப் பைக்குள் போய் அந்த அட்டையைத் தொட்டது.

ஃபிரிட்ஜ் அறைக்கு இருவரும் போனார்கள். பூச்சக்கா கதவைத் திறந்தாள். மேல்தட்டு காலியாக இருந்தது. கீழ்த்தட்டில், அன்றைக்கு வேண்டாத டிஷ்களோடு குட்டியின் ட்ரே இன்னும் இருந்தது. குட்டி குனிந்து அதைப் பத்திரமாகத் தூக்கினாள். வலதுபக்கப் பின்மூலையில் ஒரு மடித்த அட்டை இருந்தது. பூச்சக்காவுடையதைவிட அழகாகக் கத்தரித்தது. ஈரம் படாமல் இருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மடிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றாள் பூச்சக்கா. குரல் அவளுடையது போலவே இல்லை.

"நீங்க வைக்கறதுதான் அண்ணி. உங்க ட்ரேக்கு அடியில பார்த்தேன். நானும் வெச்சேன்."

"நீ என் ட்ரேயைத் தூக்கினியா?"

குட்டி ட்ரேயை இறக்கி வைத்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தாள். "அன்னைக்கு ஒருநாள் கேட்டீங்களே, தொட்டியான்னு. பொய் சொல்லிட்டேன். ட்ரேக்கு அடியில தண்ணி சொட்டி நின்னுச்சு, தூக்கித் துடைச்சேன். நீங்க எரிஞ்சு விழுவீங்கன்னு இல்லன்னுட்டேன். அதுக்கப்புறம் பார்த்தா அடியில அட்டை இருந்துச்சு. ஏதோ முறை போலன்னு நெனச்சு, தினமும் காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி துடைச்சிட்டு அப்படியே திருப்பி வெச்சேன். மடிப்பு சுவர் பக்கம். அதுல தப்பா வெச்சிட்டேனா?"

தினமும் துடைத்திருக்கிறாள். தினமும் அட்டையை எடுத்து, பத்திரமாக வைத்திருந்து, அதே இடத்தில் அதே மாதிரி செருகியிருக்கிறாள். அதனால்தான் அது நகரவே இல்லை.

அந்த நிலையிலும் பூச்சக்காவின் மனசில் ஒரு மூலை கேட்டது: எல்லாம் தெரிந்துதான் பேசுகிறாளோ? பழியை அழகாக என் பக்கம் திருப்புகிறாளோ?

"என்னாச்சு? கால் ஆடுதா?" வாசலில் மேடம் நின்றார். பின்னால் கண்ணாடி.

குட்டியின் கையில் அந்த அட்டை இருந்தது. பார்க்கிறவர்களுக்குப் படம் தெளிவாக இருந்தது. பூச்சக்கா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சும்மா நின்றாலே போதும். பைக்குள் இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை வரும், பெட்டி கட்டப்படும், முன்னறை காலியாகும்.

அண்ணி சொல்வாள் என்று குட்டி காத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அப்படித்தான் பக்கத்தில் நின்றாள், பார்த்துக்கொண்டே.

பூச்சக்கா பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மேடத்தின் முன்னால் நீட்டினாள். நைந்து போய், ஓரங்கள் ஊறிப் பிரிந்த துண்டு.

"முதல்ல நான்தான் வெச்சேன் மேடம். அவ என்னைப் பார்த்து வெச்சா."

"எதுக்கு?"

"யாராவது என் ட்ரேயைத் தொடறாங்களான்னு தெரிஞ்சுக்க."

"யாராவதுன்னா?"

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இந்த அறையில் இரண்டு பேர்தான் அந்த ஃபிரிட்ஜைத் திறப்பவர்கள். பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி அது.

குட்டி தன் கையிலிருந்த அட்டையை ஒருமுறை பார்த்தாள். பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அளவாகக் கத்தரித்து, எவ்வளவு ஆசையாகச் செய்தது! மெல்ல அதைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "நானும் கேட்டிருக்கணும் மேடம். கேட்கல" என்றாள். அவ்வளவுதான்.

"முதல்ல என்கிட்ட வந்து சொன்னது யாரைப் பத்தின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று மேடம் பூச்சக்காவைக் கேட்டார். உயராத குரல்தான். பூச்சக்கா தலையாட்டினாள். "ஒரு நல்ல துண்டு அநியாயமா போச்சு. இன்னைக்கு வந்ததுலயும் பாதி போச்சு. இதை நான் மறக்கமாட்டேன், நீங்களும் மறக்காதீங்க. ஆனா பூச்சுல ரெண்டு பேர் கையிலயும் குறை இல்ல. ரெண்டு பேரும் இருங்க."

குட்டிக்கு வேலை நிலைத்தது. அடுத்த வாரமே அந்த மாடியறைக்குப் போனாள். அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். கதவின் உட்பக்கத் தாழ்ப்பாளை அவரே எண்ணெய் போட்டுச் சரிபண்ணினாராம். பூச்சக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

ஆய்வுக்கூடத்தில் மேடம் ஒரு ரசமட்டம் வாங்கிப் போட்டார். கொத்தனார்கள் சுவருக்கு வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் நகருமே, அதேதான். ட்ரேயை ஃபிரிட்ஜில் வைத்ததும் அதன்மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சக்கா தன் ட்ரேயையும் பார்த்தாள், குட்டியின் ட்ரேயையும் பார்த்தாள். கதவை மூடிவிட்டுத் திரும்பினால், பின்னால் குட்டி கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"பார்த்துட்டேனே" என்றாள் பூச்சக்கா.

"சரி. நானும் பார்த்துக்கறேன்" என்றாள் குட்டி, ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவளுக்குத் தன் பின்னால் யாரோ பூட்டை இழுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வரவில்லை. கன்னத்தில் சின்னதாகச் சூடு மட்டும் ஏறி இறங்கியது.

குட்டி எல்லாரையும் போல இப்போது பூச்சக்கா என்றே கூப்பிட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. கேள்விகள் கேட்டாள், நிறையக் கேட்டாள். இந்தக் குப்பியை ஏன் குலுக்கக் கூடாது, அலசின டிஷ்ஷை ஏன் காயவிடக் கூடாது, ஒவ்வொன்றையும் கேட்டாள். பூச்சக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொன்ன பதிலைக் கண்ணாடியிடமும் ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த துண்டில் செல்கள் டிஷ் முழுக்க ஒட்டின. கண்ணாடி ஓடிவந்து இருவரையும் மைக்ரோஸ்கோப்புக்கு இழுத்துப் போனான். விளிம்பு முதல் விளிம்பு வரை, தளம் போட்ட கல் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குட்டி பார்த்தாள். பூச்சக்கா பார்த்தாள். பிறகு டிஷ்ஷை அரைச்சுற்றுத் திருப்பச் சொல்லி அந்தப் பக்கத்தையும் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்காரர் தன் பஸ்ஸோடு நின்றார், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த காலி வண்டி. குட்டி அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மாடியறை இருக்கிற சந்துப்பக்கம் திரும்பினாள். திரும்பினவள் நின்று, "வரேன் அண்ணி" என்றாள்.

பூச்சக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. வீட்டுக்காரர் விசிலடிக்க ஆரம்பித்தார்.

"அவ இப்போ அண்ணின்னு சொன்னாளே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"மனசார சொன்னாளா, நீங்க பக்கத்துல நின்னீங்கன்னு சொன்னாளா?"

"அம்மா தாயே" என்றார் அவர்.

அவள் வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதும் முடிவு தெரியவில்லை. நாளைக்கு, இவர் பக்கத்தில் இல்லாதபோது, என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று பார்க்க வேண்டும்.